டியூபைத் தூக்கிப் போடாதீர்கள்: காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி கேள்வி-பதில்

படத்தின் ஓரம் வளைகிறது, ஆடுகிறது. பிக்சர் டியூப் போய்விட்டதா? (அம்மாப்பேட்டை)

இல்லை. சேஸிஸில், அதாவது டியூபை இயக்கும் சர்க்யூட் போர்டில், எலக்ட்ரோலைடிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும். ஒவ்வொன்றாக அளந்து கொண்டிருக்காமல் மொத்தமாக மாற்றுங்கள்: மைக்ரோஃபாராட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது கூடுதல், 105 டிகிரி ரகம். டியூபுக்கு உயர் வோல்ட் கொடுக்கும் ஈ.எச்.டி. டிரான்ஸ்ஃபார்மரின் கால்களில் டிரை சோல்டர் (பற்றவைப்பு விட்ட இடம்) இருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கெல்லாம் முன்னால் டியூபை டிஸ்சார்ஜ் செய்தாக வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இருபதாயிரம் வோல்ட் வரை உள்ளே நிற்கும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் கம்பியில் ஒயரைக் கட்டி, மறுமுனையை டியூபைச் சுற்றியிருக்கும் எர்த் பின்னலில் கிளிப் போட்டுவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையை டியூபின் மேல் இருக்கும் ரப்பர் மூடிக்கு அடியில் நுழையுங்கள். 'டப்' என்று சத்தம் வரும். வராவிட்டாலும் இன்னொரு தடவை செய்யுங்கள். மற்றக் கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

பெட்டி ஓடவில்லை. என்ன செய்யலாம்? (சூரமங்கலம்)

என்ன கேம், விளக்கு எரிகிறதா, சத்தம் வருகிறதா என்று ஒரு வரிகூட இல்லாமல் நான் எதைச் சொல்ல? கேம் போர்டில் ஐந்து வோல்ட் வருகிறதா என்று அளந்துவிட்டு மறுபடி எழுதுங்கள். பவர் சப்ளையில் அல்ல, போர்டில்.

அடிப்பலகை ஊதி உதிர்கிறது. (ஏற்காடு)

பார்ட்டிகிள் போர்டுக்கு மலைப் பனி ஆகாது. ஊதிய பாகத்தை அரை அடி உயரத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு மரைன் பிளை வைத்து ஒட்டுங்கள். அடியில் ரப்பர் கால் வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள். வாரம் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள், உள்ளே ஈரம் தங்காது.

டியூபை எடுத்துவிட்டு எல்.சி.டி. போட்டால் என்ன? (அஸ்தம்பட்டி)

வேண்டாம். இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. 1980-இல் வந்த பேக்-மேன் 224-க்கு 288 புள்ளியில், டியூபுக்கென்றே வரையப்பட்டது. எல்.சி.டி.யில் அதை இழுத்துப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும். கையசைவுக்கும் படத்துக்கும் இடையே தாமதமும் சேரும். டியூபில் ஓடும் கதிரைப் பார்த்துக் குறியறியும் துப்பாக்கி கேம்கள் எல்.சி.டி.யில் வேலையே செய்யாது. கலர் டியூப் இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. நீங்கள் காயலான் கடையில் போட்டது போட்டதுதான்.

'டியூப் போச்சு' என்று கொண்டு வருகிறவர்களிடம் பெரும்பாலும் போயிருப்பது சேஸிஸ்தான். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய கலர் டிவியில் கை பழகிய மெக்கானிக் ஒருவரைப் பிடியுங்கள். இந்த வேலை அவருக்குப் புதிதல்ல. திரையில் கோடு எரிந்து பதிந்திருந்தால் அது அழியாது, உண்மை. அப்போதும் அதே அங்குலம், அதே கழுத்துப் பின், யோக் (டியூப் கழுத்தில் இருக்கும் கம்பிச்சுருள்) மின்தடை ஒத்துப்போகும் டிவி டியூபாகப் பார்த்து மாற்றலாம். கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள், உடைந்தால் டியூப் முடிந்தது. கை பழக 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல இலவச டிவி போதும். அதையும் டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

ஜாய்ஸ்டிக் மேலே போகவில்லை. எண்ணெய் அடிக்கலாமா?

கூடாது. மைக்ரோசுவிட்சைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். மாற்றினால் முடிந்தது.

அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி, நேராகச் செருகலாமா? (ஆத்தூர்)

அது 120 வோல்ட் பெட்டி, நம் வீட்டில் 230. வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் எரியும். பெட்டிக்குள் இருக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைத் தேவையில்லை என்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள்; அது இல்லாவிட்டால் பல மானிட்டர்களின் சேஸிஸே ஷாக் அடிக்கும்.

கேப்காம் கம்பெனியின் சி.பி.எஸ்.2 கேம் போர்டு வாங்கினேன், நன்றாக ஓடுகிறது. ஏதாவது பார்க்க வேண்டுமா?

பேட்டரியைப் பாருங்கள். கேமைத் திறக்கும் சாவி அந்தப் பேட்டரியின் தயவில்தான் நிற்கிறது. அது தீர்ந்தால் நல்ல போர்டும் ஓடாது. பேட்டரி தீருவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.