பிரேக் பெடல் மெதுவா உள்ள எறங்குது, ஆனா பிரேக் ஆயில் குறையல. என்ன பிரச்சனையா இருக்கும்?

ரெண்டு தடவ ஏர் எடுத்தும் (பிரேக் பைப்புல சிக்கின காத்த வெளியேத்துறது) சரியாகலன்னு கேட்டிருக்கீங்க. எனக்கும் அச்சு அசலா இதே கதைதான்.

ஒரு ஞாயித்துக்கிழமை அழகர்கோவில்ல இருந்து மேல பழமுதிர்சோலைக்கு ஏறிட்டிருந்தோம், முன்னாடி வரிசையா வண்டி நிக்குது, நானும் பிரேக்ல லேசா கால வச்சு நிக்கிறேன், பெடல் என்னடான்னா அது பாட்டுக்கு உள்ள எறங்கிக்கிட்டே போகுது. பின் சீட்டுல இருந்து அம்மா "ஏய்யா, வண்டி பின்னால போகுதுடா"ன்னு கத்தினப்பதான் ஹேண்ட் பிரேக்க இழுத்தேன்.

மறுநாள் ஒரு மெக்கானிக் பட்டுபட்டுனு நாலு மிதி மிதிச்சுட்டு, பெடல் நல்லாத்தானே நிக்குது, ஏர் இருக்கும்னு ஏர் எடுத்து விட்டாரு. ரெண்டு நாள்ல பழைய குருடி கதவத் திறடி. அப்புறம் விளாங்குடில ஒரு வயசான மெக்கானிக்கிட்ட போனேன். அவரு இன்ஜின ஆஃப் பண்ணிட்டு அஞ்சாறு தடவ பெடல அடிக்கச் சொன்னாரு, அப்புறம் "மிதிக்காதீங்க தம்பி, புள்ளையத் தட்டித் தூங்க வைக்கிற மாதிரி லேசா அழுத்திப் பிடிங்க"ன்னாரு. அர நிமிஷத்துல பெடல் தரையத் தொட்டுருச்சு.

மாஸ்டர் சிலிண்டர் போச்சு, அவ்வளவுதான். பெடல மிதிச்சா பிரேக் ஆயில சக்கரத்துக்குத் தள்ளுற பம்பு அதுதான். உள்ள இருக்கிற ரப்பர் தேஞ்சா ஆயில் வெளிய ஒழுகாது, ரப்பரத் தாண்டி திரும்ப மேல இருக்கிற ஆயில் டப்பாவுக்கே போயிரும், அதான் அளவு குறையல. ஓங்கி மிதிச்சா அழுத்தத்துல ரப்பர் விரிஞ்சு சுவரோட ஒட்டிக்கும், பெடலும் நிக்கும். லேசா வச்சாத்தான் குட்டு வெளிப்படும். மொத ஆளு ஏமாந்தது இதுலதான்.

ஏர் இருந்தா இப்படி இருக்காது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், அடிக்க அடிக்க மேல வரும், ஆனா பிடிச்சா பிடிச்ச எடத்துல நிக்கும். மொத மிதில கீழ போயி ரெண்டாவது மிதில சரியா நின்னா பின் சக்கர டிரம்முக்குள்ள இருக்கிற பிரேக் ஷூவ அட்ஜஸ்ட் பண்ணணும். ஆயில் குறைஞ்சா பின் டயரோட உள்பக்கம் ஈரமான்னு பாருங்க, அங்க இல்லன்னா மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டர்ல (மிதிக்கிற பலத்தக் கூட்டிக் கொடுக்கிற பாகம்) சேர்ற எடத்தப் பாருங்க, அங்க ஒழுகினா பூஸ்டருக்குள்ள போயிரும், கண்ணுக்கே தெரியாது. பெடல்ல கால வச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணும்போது லேசா எறங்கினா பயப்படாதீங்க, பூஸ்டர் வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

கொடைக்கானல்ல இருந்து வத்தலக்குண்டு எறங்கும்போது மட்டும் பெடல் சவசவன்னு ஆகி, ஆறினதும் சரியாச்சுன்னா அது வேற, பழைய ஆயில் தண்ணி இழுத்திருக்கும். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதுசுல 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, தண்ணி சேர்ந்தா 155 வரைக்கும் எறங்கிரும்.

எனக்கு ரப்பர் கிட் போட்டுப் பார்க்கலாமான்னு ஆசை, உள்சுவர்ல கோடு விழுந்திருந்ததால அவரு புது சிலிண்டரே போடச் சொல்லிட்டாரு. அதுக்கு ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடில ஒரு கட்டைய வச்சாரு. பழைய வண்டில பெடல தரை வரைக்கும் மிதிச்சா, ரப்பர் எப்பவும் போகாத துருப் பிடிச்ச எடத்துக்குப் போயி கிழிஞ்சிருமாம். மொத மெக்கானிக் அன்னிக்கு மிதிச்ச மிதிய நெனச்சா எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

மெதுவா ஓட்டிட்டே ஷெட்டுக்குப் போயிரலாம்னு மட்டும் நினைக்காதீங்க, மெக்கானிக்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க.