டியூட்டில அடிபட்ட பொம்பாக்காரங்களுக்கு (மலேசிய தீயணைப்பு வீரர்களுக்கு) காயம் ஆறியும் மனசு ஏன் தேற மாட்டேங்குது?

உங்க அண்ணன் பொம்பால இருக்காரு, கால் எலும்பு கூடி நாலு மாசமாகியும் யார்கிட்டயும் முகம் குடுத்து பேசறதில்லன்னு போட்டிருந்தீங்க. நானும் அதே வேலைதான், சுங்கை சிப்புட் பக்கம். அதனால எழுதாம இருக்க முடியல.

2019ல ஒரு தோட்டத்து பழைய லயத்துல தீ. உள்ள ஒரு பாட்டி இருக்காங்கன்னு சொன்னாங்க, தேடிப் போனேன், அவங்கள பக்கத்து வீட்டுக்காரங்க முன்னாடியே கூட்டிட்டு வந்துட்டது எனக்கு தெரியாது, உத்தரம் சரிஞ்சு விழுந்து காறை எலும்பு ஒடிஞ்சிடுச்சு. அது மூணு மாசத்துல கூடிடுச்சு. ஆனா மத்தியான வெயில்ல எங்க வீட்டு தகரம் டக் டக்குன்னா போதும், சட்டை கூட போடாம வெளிய ஓடிருவேன். ஒரு வெள்ளிக்கிழமை மனைவி சாம்பிராணி போட்டா, நான் பக்கெட் தண்ணிய அப்படியே கரி மேல ஊத்திட்டேன், சாமி மேடை பூரா சாம்பல். அவ ஒண்ணும் சொல்லல, துணி எடுத்து துடைச்சா.

டாக்டர்கிட்ட போக வெட்கம். 2018 அக்டோபர்ல பூச்சோங்ல பழைய ஈயச் சுரங்கக் குட்டைல பையனத் தேடி இறங்கின எங்க ஆளுங்க 6 பேர் ஒரே நாள்ல போயிட்டாங்க. அப்படி இருக்கப்போ ஒரு எலும்பு ஒடிஞ்சதுக்கு நான் என்னத்த போய் அழறது? உங்க அண்ணனும் இப்படித்தான் எதையாவது நினைச்சு வாய மூடிட்டு இருப்பாரு. 'ஆம்பளைக்கு என்ன பயம்'னு சொல்ல வர்றவங்ககிட்ட நான் பேசத் தயாரா இல்ல.

ஒரு மாசத்துக்கு மேல இப்படியே இருந்தா அது பிடிஎஸ்டியா (பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மனப் பாதிப்பு) இருக்கலாம், வியாதி, வைத்தியம் இருக்கு. கடைசில நானும் போனேன், எனக்கு 12 வாரம் வைத்தியம். அந்த ராத்திரிய முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் திரும்பத் திரும்ப வாய்விட்டு சொல்ல வெச்சாங்க, அப்புறம் பாலாய் (தீயணைப்பு நிலையம்) வாசல் வரைக்கும் போறது, வண்டில ஏறி சும்மா உக்கார்றது, கடைசிலதான் புகைக்குள்ள போறப்ப போடற மாஸ்க்க மாட்டறது. ஆனா அடிபட்ட சூட்டோட சுத்தி உக்காந்து 'சொல்லு சொல்லு'ன்னு நோண்டக் கூடாது, அதுல பலன் இல்லன்னாங்க.

இன்னொண்ணு மனசுல கெடக்கு. செம்பனை பழம் திருடு போகுதுன்னு அந்த தோட்டத்துல ராத்திரி கேட்டை பூட்டிருவாங்க. அன்னிக்கும் பூட்டை வெட்டிட்டுதான் உள்ள போனோம், அதுக்குள்ள நாலு வீடு பிடிச்சிடுச்சு. பாலாய்ல ஒரு சாவி குடுத்து வெக்க என்ன கஷ்டம்? இன்னும் குடுக்கல.

எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியலன்னா சுகாதார அமைச்சோட ஹீல் லைன் 15555க்கு போன் பண்ணுங்க. அண்ணிகிட்ட மறக்காம சொல்லுங்க, தூக்கத்துல கத்தினா தொட்டு எழுப்ப வேண்டாம், எட்ட நின்னு பேர சொல்லி கூப்பிடட்டும். என் மனைவி தொட்டு எழுப்பினா, நான் யாருன்னு தெரியாம அவ கைய முறுக்கிட்டேன்.