எழுந்து போகிறவருக்கு என்ன பாட்டு?

கேள்வி: கச்சேரிக்குப் போனால் எனக்குக் கொட்டாவிதான் வருகிறது. தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து வந்துவிடுகிறேன். கர்நாடக சங்கீதத்தில் துள்ளலாக, ஆடத் தோன்றுகிற மாதிரி எதுவுமே கிடையாதா? இருந்தால் நாலு சொல்லுங்களேன்.

பதில்: உங்கள் இரண்டாவது வாக்கியத்திலேயே பதில் இருக்கிறது. நீங்கள் தேடுகிற சரக்கெல்லாம் பெரும்பாலும் தனி ஆவர்த்தனம் முடிந்த பிறகுதான் மேடைக்கு வரும். நீங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது உள்ளே தில்லானா ஆரம்பமாகியிருக்கும்.

கச்சேரிக் கடைசியில் வருகிற இந்தச் சின்ன உருப்படிகளுக்கு ‘துக்கடா’ என்று பெயர் வைத்ததே தப்பு. ஏதோ மிச்சம் மீதி என்று நினைத்துவிடுகிறோம். தில்லானாவில் பெரும்பகுதி ‘தீம், தனன, திரன’ என்ற சொற்கட்டுதான். சாகித்யம், அதாவது பொருளுள்ள பாடல் வரி, கடைசியில் இரண்டு மூன்றுதான். கேட்க விளையாட்டு, உள்ளே கணக்கு. சொற்கட்டு சீராக ஓடிக்கொண்டே இருந்து, சட்டென்று சுருங்கி, மூன்று தரம் திரும்பி வந்து, பாட்டு தொடங்குகிற இடமான எடுப்பில் டக்கென்று விழும். தாளமில்லாமல் ராகத்தை விரிக்கிற ஆலாபனையில் கொஞ்சம் தடுமாறினால் மழுப்பிவிடலாம். இங்கே அரை அட்சரம் (தாளத்தின் ஒரு எண்ணிக்கைதான் அட்சரம்) பிசகினாலும் மிருதங்கக்காரர் சிரிப்பது முன்வரிசைக்குத் தெரியும்.

லால்குடி ஜெயராமன் (1930–2013) செய்த தில்லானாக்களில் தொடங்குங்கள். மாண்டு, தேஷ், மோகனகல்யாணி ராகங்களில் உள்ள மூன்றும் போதும். வயலின்காரர் கட்டியவை என்பது மெட்டின் வளைவுகளில் தெரியும். அப்புறம் பாலமுரளிகிருஷ்ணாவின் கதனகுதூகலத் தில்லானா. ராகத்தின் பெயரிலேயே குதூகலம் இருக்கிறது, பாட்டும் ஏமாற்றாது.

சவால் வேண்டுமென்றால் மகா வைத்தியநாத ஐயரின் கானடா தில்லானா. சிம்மநந்தன தாளம், ஒரு சுற்றுக்கு 128 அட்சரம். எட்டு அட்சர ஆதி தாளத்தைப் பதினாறு முறை போட்டால்தான் அது ஒரு சுற்று முடியும். தொடையில் தட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள், பக்கத்து இருக்கைக்காரர் பாவம். (இதே தாளத்துக்கு ஆடிக்கொண்டே, தரையில் பரப்பிய பொடியில் காலாலேயே சிங்கம் வரைகிற மரபு ஆந்திரத்தில் உண்டு. ஆடத் தோன்றுகிறதா என்று கேட்டீர்களே!)

ஆனால் எனக்குப் பிடித்தது அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்துதான். ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்தபோது வழிநடையில் பாட எழுதியவை. தோளில் பாரம், காலில் பாதை. அந்த நடைக்கு இடம் கொடுத்துத்தான் மெட்டு. தகிட தகிட என்று மும்மூன்றாக உருளும்போது உட்கார்ந்திருப்பவன் காலும் சும்மா இருக்காது. மேடையில் சிலர் இதை விளம்பத்தில், அதாவது மெதுவான நடையில், இழுத்து, உருக்கமாகப் பாடுகிறார்கள். காவடியைக் கீழே வைத்துவிட்டுப் பாடுகிறார்கள் போலிருக்கிறது.

நாலாவது, முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து பேண்ட் வாத்தியத்தில் கேட்ட வெள்ளைக்கார மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதிவைத்தார். சுமார் 40 இருக்கின்றன. ஸ்வரத்தை அசைத்துப் பாடுகிற கமகம் இல்லை, இழுவை இல்லை, ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ‘அவ்வளவு கனமான நவாவரண கீர்த்தனை எழுதியவரா இவர்!’ என்று ஆச்சரியமாக இருக்கும். அதில் ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்து ராஜ கீதத்தின் மெட்டு. அதைக் கேட்டதும் எழுந்து நிற்கத் தோன்றினால் நின்றுகொள்ளுங்கள், எழுந்து போய்விடாதீர்கள்.