ஸ்டடி பிளான் எழுதுவது எப்படி? பர்மா பிள்ளைகள் கேட்டதும் என் பதிலும்

வெளிநாட்டு ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் ஸ்டடி பிளான் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. நான் ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் அங்கே படித்தவள். இப்போது ரங்கூனில் வேலை பார்த்துக்கொண்டே விண்ணப்பங்களைப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்று பலரும் சொன்னதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

தட்டோன்: அக்கா, கொரியா ஃபாரத்தில் பர்சனல் ஸ்டேட்மென்ட்டும் கேட்கிறார்கள், ஸ்டடி பிளானும் கேட்கிறார்கள். இரண்டிலும் ஒன்றையே கொஞ்சம் மாற்றி எழுதினால் போதாதா?

போதாது தம்பி. முதலாவது இதுவரை நீ வந்த வழி. இரண்டாவது இனி நீ செய்யப்போகும் வேலை. அப்பா பட்ட கஷ்டம், கோயில் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது, பரிசு வாங்கியது எல்லாம் முதலாவதற்குப் போகட்டும். இரண்டாவதில் உன் குடும்பத்துக்கு இடமே இல்லை. எதைப் படிப்பாய், எந்தக் கேள்விக்கு விடை தேடுவாய், எப்படித் தேடுவாய், முடித்த பிறகு என்ன செய்வாய், அவ்வளவுதான்.

கொரிய அரசின் உதவித்தொகையான ஜிகேஎஸ்ஸில் இன்னொன்றும் உண்டு. முதுகலைக்குப் போகிறவர்களுக்கு முதல் ஒரு வருடம் கொரிய மொழிதான். டோப்பிக் என்ற கொரிய மொழித் தேர்வில் 3ஆம் நிலை எடுத்தால்தான் பட்டப்படிப்புக்குள் விடுவார்கள். 5ஆம் நிலை ஏற்கெனவே கையில் இருந்தால் மொழி வருடம் இல்லை. நீ அனுப்பிய பிளானில் அந்த ஒரு வருடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படிக்கிறவர், இந்தப் பையன் அறிவிப்பையே முழுசாகப் படிக்கவில்லை என்று நினைப்பாரா மாட்டாரா?

ஒரே தாளை நாலு நாட்டுக்கும் அனுப்பாதே. சீன அரசு உதவித்தொகைக்கு இளங்கலை என்றால் குறைந்தது 200 சொல், முதுகலைக்கும் அதற்கு மேலும் குறைந்தது 800 சொல் கேட்பார்கள். இந்திய அரசின் ஐசிசிஆர் உதவித்தொகைக்கு 500 சொல்லுக்கு ஒரு கட்டுரை. மெக்ஸ்ட் ஃபாரத்திலோ இதுவரை படித்த துறை, ஜப்பானில் ஆராயப்போகும் தலைப்பு, அதைச் செய்யும் விதம் என்று கட்டம் பிரித்தே கொடுத்திருப்பார்கள்.

பேகு: அக்கா, சிவில் முடித்துவிட்டு மெக்ஸ்டுக்குப் போடுகிறேன். “2025 மார்ச் 28 அன்று வந்த நிலநடுக்கம் என் வாழ்க்கையையே மாற்றியது. என் நாட்டில் பாதுகாப்பான கட்டடங்களை உருவாக்க விரும்புகிறேன்” என்று தொடங்கியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

மாண்டலே பக்கம் சரிந்ததை எல்லாம் பார்த்த பிறகு எந்த சிவில் மாணவனுக்குத்தான் இப்படித் தோன்றாது? சிக்கலே அதுதான். உன்னோடு படித்த எல்லோரும் இந்த இரண்டு வரிக்குக் கீழே கையெழுத்துப் போடலாம். அப்படிப்பட்ட வரியை அடித்துவிடு.

உன்னிடம் கேட்கிறேன். எந்தக் கட்டடம்? பேகு மெயின் ரோட்டில் நீ தினம் பார்ப்பது எது? கீழே கடை, முழு முகப்புக்கும் ஷட்டர், உள்ளே சுவரே கிடையாது. மேலே இரண்டு மாடி வீடு, அறைக்கு அறை செங்கல் சுவர். மேல்தளம் விறைப்பாக நிற்கும், கீழ்த்தளம் தூணை மட்டும் நம்பி நிற்கும். ஆட்டம் வந்தால் வளைவதும் ஒடிவதும் அந்தக் கீழ்த்தளத் தூண்கள்தான். சகாய்ங் என்ற நிலநடுக்கப் பிளவு உங்கள் ஊர்ப் பக்கமாகத்தான் போகிறது. 1930 மே மாதம் பேகு குலுங்கியதில் ஷ்வேமோடோ பகோடாவே இடிந்து விழுந்தது. மாண்டலேவைத் தேடிப் போகாதே, உன் தெருவிலேயே விஷயம் இருக்கிறது.

அடுத்தது கேள்வி. “பாதுகாப்பான கட்டடம்” என்பது ஆசை. கேள்வி இப்படி இருக்கலாம்: வரைபடம் கிடைக்காத, கீழ்த்தளம் திறந்த பழைய மூன்று மாடிக் கட்டடங்களில் எதை முதலில் வலுப்படுத்த வேண்டும் என்பதைக் குறைந்த செலவில் எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு விடை உண்டு, தேட வழியும் உண்டு. தரையிலும் மொட்டை மாடியிலும் உணர்கருவி வைத்து, வண்டி போவதிலும் காற்றிலும் கட்டடம் லேசாக அதிர்வதைப் பதிவு செய்து, அதன் இயல்பான அதிர்வு நேரத்தைக் கணக்கிடலாம். இந்த நுண்ணதிர்வு முறையை வளர்த்ததில் ஜப்பான்காரர்களுக்குப் பெரிய பங்கு. இதை நீ எழுதினால், ஏன் ஜப்பான் என்ற கேள்விக்கு “ஜப்பான் முன்னேறிய நாடு” என்று வழிய வேண்டியதில்லை.

அந்தக் கேள்விக்கு இன்னும் நல்ல பதிலும் இருக்கிறது. ஜப்பான் 1981இல் கட்டட விதியை மாற்றியது. 1995 கோபே நிலநடுக்கத்தில் அதிகம் சரிந்தவை அதற்கு முன் கட்டியவை. அதே வருடம் பழைய கட்டடங்களைச் சோதித்து வலுப்படுத்தத் தனிச் சட்டமே போட்டார்கள். ஏற்கெனவே நிற்கிற கட்டடங்களை என்ன செய்வது என்ற நம் தலைவலியை அவர்கள் முன்னாலேயே பட்டிருக்கிறார்கள் என்று எழுது. தேர்வாளருக்கு அது தன் ஊர்க் கதை, நின்று படிப்பார்.

கால அட்டவணையில் கவனம். மெக்ஸ்டில் பெரும்பாலானோர் முதலில் ஆய்வு மாணவராகச் சேர்ந்து, அப்புறம் முதுகலை நுழைவுத் தேர்வு எழுதுவார்கள். நீ விமானத்தை விட்டு இறங்கிய மறுநாளே முதுகலை முதல் வருடம் என்று போட்டிருக்கிறாய். முதல் ஆறு மாதம் மொழி, பழைய ஆய்வுகளைப் படிப்பது, நுழைவுத் தேர்வு. பிறகு அங்கேயே இரண்டு மூன்று கட்டடங்களில் அளந்து பழகுவது. விடுமுறையில் பேகு. அதற்குப் பிறகு கணினி மாதிரியும் ஆய்வேடும்.

நம் ஊர் நிலைமையில் கட்டடத்துக்குள் போய் அளக்க அனுமதி கிடைக்காமலும் போகலாம், நீயே வர முடியாமலும் போகலாம். அதையும் எழுது. “அளவீடு சாத்தியப்படாவிட்டால், தெருவிலிருந்து எடுத்த புகைப்படங்களையும் தூண் அளவுகளையும் கொண்டு மாதிரிக் கட்டடங்களை உருவாக்கி ஆய்வைத் தொடர்வேன்.” இந்த ஒரு வரி உன் மேல் நம்பிக்கையை ஏற்றும். எல்லாம் நினைத்தபடி நடக்கும் என்று எழுதுகிறவனைவிட, நடக்காவிட்டால் என்ன செய்வேன் என்று யோசித்தவனுக்குத்தான் நான் பணம் கொடுப்பேன்.

உன் தொடக்கத்தை நானானால் இப்படி எழுதுவேன்: “பேகு நகரின் பிரதான சாலையில் உள்ள மூன்று மாடிக் கட்டடங்கள் பலவற்றில் கீழ்த்தளம் கடைக்காகத் திறந்து விடப்பட்டுள்ளது. இவற்றில் முதலில் வலுப்படுத்த வேண்டியவை எவை என்பதை, வரைபடம் இல்லாமலே, நுண்ணதிர்வு அளவீட்டின் மூலம் வரிசைப்படுத்தும் முறை ஒன்றை உருவாக்க முயல்கிறேன்.” அப்படியே காப்பி அடிக்காதே. தெருவில் நடந்து எண்ணிப் பார்த்து, “பலவற்றில்” என்ற இடத்தில் உன் எண்ணைப் போடு.

மோல்மீன்: 2020இல் கொரோனாவுக்குக் கல்லூரி மூடியது. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். மூன்றாம் வருடத்தோடு நின்றுவிட்டேன். இந்த இடைவெளியை ஸ்டடி பிளானில் எப்படி விளக்குவது?

ஸ்டடி பிளானில் விளக்கவே வேண்டாம். பர்சனல் ஸ்டேட்மென்ட்டில் ஒரே வாக்கியம்: இந்த வருடத்திலிருந்து இந்த வருடம் வரை படிப்பு தடைப்பட்டது, அந்தக் காலத்தில் நான் செய்தது இது. பின்பாதிதான் முக்கியம். கடையில் கணக்கு எழுதியதும் கணக்குதான், ஆன்லைனில் படித்த கோர்ஸும் கணக்குதான். அரசியலும் வேண்டாம், அழுகையும் வேண்டாம்.

அதைவிட அவசரமான விஷயம் வேறு. பட்டம் கையில் இல்லாததால் முதுகலைக்குப் போட முடியாது, இளங்கலைக்குத்தான் போட வேண்டும். ஜிகேஎஸ் இளங்கலைக்கும் சீன அரசு இளங்கலைக்கும் வயது 25க்குள் இருக்க வேண்டும். உன் வயதை எழுதவில்லை. முதலில் அதைப் பார், பிறகு பேனாவை எடு.

ரங்கூன், தாம்வே: தங்கச்சி, மகளுக்காகக் கேட்கிறேன். சீனாவில் உணவு அறிவியல் முதுகலைக்குப் போடுகிறாள். எங்களுக்குப் பயறு கிடங்கு இருக்கிறது. வியாபாரக் குடும்பம் என்று காட்டினால் உதவித்தொகை கிடைக்காதோ என்று பயம்.

அண்ணே, நீங்கள் மறைக்கச் சொல்வதுதான் அவளிடம் இருக்கிற ஒரே சொத்து. நம் பாசிப்பயறைச் சீனா வாங்குகிறது, முளைகட்டி விற்பதற்கும்தான். முளைக்காத பயறு முளை விற்கிறவர்களுக்கு வெறும் குப்பை. மழைக்காலத்தில் உங்கள் கிடங்கில் மூட்டைக்குள் ஈரம் எவ்வளவு ஏறுகிறது, எந்த அடுக்கில் முதலில் வண்டு விழுகிறது என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்திருக்கும். பயறு வண்டு மணியின் மேல் முட்டை வைக்கும், புழு உள்ளே தின்று வளரும், வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். காற்றுப் புகாத உள்ளுறை போட்ட பையில் மூடினால் ஆக்சிஜன் குறைந்து வண்டு பெருகாது. ஆனால் அப்படிப் பல மாதம் மூடி வைத்த பயறு, சாதாரணச் சாக்கில் இருந்ததைவிட நன்றாக முளைக்கிறதா? எந்த ஈரப்பதத்தில் மூடினால் கெடும்? இதுதான் மகளின் ஆய்வுக் கேள்வி. வாங்குகிற நாட்டில் போய்ப் படிப்பதால் ஏன் சீனா என்று தனியாக விளக்கவும் வேண்டாம்.

கிடங்கு எங்களுடையது என்பதை ஒரு வரியில் சொல்லிவிடட்டும். மாதிரி எங்கிருந்து கிடைக்கும் என்ற கேள்விக்கு அதுவே பதில். உங்கள் வியாபாரம் எவ்வளவு பெரியது என்று எழுத வேண்டாம், அவ்வளவுதான்.

தாங்கூ: சாட்ஜிபிடியை எழுதச் சொல்லி நான் திருத்திக்கொள்ளலாமா?

இலக்கணம் பார்க்கக் கொடு. எழுதச் சொல்லாதே. அது எழுதித் தந்த பிளான்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லாவற்றிலும் ஒரே வாசனை. மெக்ஸ்டுக்குத் தூதரகத்தில் நேர்முகம் உண்டு. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் உன் தாளில் ஒரு சொல்லைத் தொட்டு “இது என்ன முறை?” என்று கேட்டால், சாட்ஜிபிடி வந்து பதில் சொல்லாது.

மோல்மீன்: சயாமா (டீச்சர்), வீட்டில், கோயிலில் எல்லாம் எனக்குத் தமிழ்ப் பெயர். என்ஆர்சி அடையாள அட்டையிலும் மெட்ரிக் சான்றிதழிலும் பர்மியப் பெயர். தமிழ்ப் பள்ளி கொடுத்த சான்றிதழில் தமிழ்ப் பெயர். என்ன செய்வது?

நம்மில் பாதிப் பேர் கதை இது. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, ஒரு எழுத்து மாறாமல் அதுதான் எல்லா இடத்திலும். ஸ்டடி பிளானின் தலைப்பிலும் அதுவே, பரிந்துரைக் கடிதத்திலும் அதுவே. பரிந்துரை எழுதுகிற ஆசிரியர் உன்னைச் செல்லமாகக் கூப்பிடும் பெயரைப் போட்டுவிடுவார், அனுப்புவதற்கு முன் பார். தமிழ்ப் பள்ளிச் சான்றிதழைப் பள்ளியில் கேட்டு பாஸ்போர்ட் பெயரில் புதிதாக வாங்கு. முடியாவிட்டால் இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் போட்டுச் சேர்த்துவிடு.

பியாப்பொன்: ஐசிசிஆர் மூலம் சென்னையில் எம்ஏ தமிழ் படிக்க ஆசை. இலக்கியத்துக்கு என்ன ஸ்டடி பிளான் எழுதுவது? “தமிழ் என் உயிர்” என்றுதான் வருகிறது.

உயிராக இருக்கட்டும், ஆனால் 500 சொல்லில் அது ஒரு வரியைக்கூடத் தாங்காது. சென்னையில்தான் செய்ய முடியும் என்கிற ஒன்றை எடு. 1964ஐ ஒட்டி இங்கிருந்து கிளம்பிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். பர்மா பஜாரும், அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடைகளும் அப்படிப் போனவர்கள் வைத்தவைதான். போகாமல் நின்றவர்களின் பேரப்பிள்ளை நீ. இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகளும் அந்த வருடங்களை எப்படிச் சொல்கிறார்கள், எந்தப் பர்மியச் சொல் அவர்கள் தமிழில் இன்னும் நிற்கிறது, எது உதிர்ந்துவிட்டது? உன் பாட்டியின் பேச்சை இங்கே இப்போதே பதிவு செய்துகொள். அங்கே போய் மறு பாதியைப் பதிவு செய். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. எங்கே எதைத் தேடுவாய் என்று இரண்டு வரி எழுது. எம்ஏவில் இதற்கு நேரம் இருக்குமா என்று கேட்பார்கள். கடைசிப் பருவத்து ஆய்வேட்டுக்கு என்று சொல்.

தட்டோன்: படித்து முடித்துத் திரும்பி வருவேன் என்று எழுதியே ஆக வேண்டுமா? மனசாட்சி உறுத்துகிறது.

சத்தியம் எல்லாம் செய்ய வேண்டாம். “நாட்டுக்குச் சேவை செய்வேன்” என்பதை யாரும் நம்புவதும் இல்லை. முடித்த பிறகு செய்யக்கூடிய, நிஜமாக இருக்கிற ஒரு வேலையை எழுது. அந்த வேலையால் நம் ஊருக்கு என்ன பயன் என்று ஒரு வரி. அதை எங்கே உட்கார்ந்து செய்வாய் என்பது அப்போதைய நிலைமையைப் பொறுத்தது. அந்த இடத்தைக் கொஞ்சம் பொதுவாக விடுவது பொய் ஆகாது.

பேகு: பேராசிரியருக்கு முன்னாலேயே மெயில் போட வேண்டுமா?

சீன அரசு உதவித்தொகைக்கு நேரடியாகப் பல்கலைக்கழகம் வழியாகப் போகிறாய் என்றால் கட்டாயம் போடு. மெக்ஸ்டில் தூதரகத்தில் முதல் சுற்றைத் தாண்டிய பிறகுதான் பேராசிரியரின் சம்மதக் கடிதம் வாங்கச் சொல்வார்கள். அதற்கு முன் பெயர்களைத் தேடி, அவர்கள் எழுதியதில் ஒன்றிரண்டைப் படித்து வைத்துக்கொள். ஜிகேஎஸ்ஸில் தூதரக வழி என்றால் மூன்று பல்கலைக்கழகம் வரை போடலாம், பல்கலைக்கழக வழி என்றால் ஒன்றே ஒன்றுதான். மூன்றுக்கும் பொருந்தும்படி பிளான் எழுத வேண்டும் என்பதை மறந்து ஒரே பல்கலைக்கழகத்தைப் புகழ்ந்து தள்ளுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

தாங்கூ: எப்போது எழுதத் தொடங்க வேண்டும்?

ஜிகேஎஸ் முதுகலை பிப்ரவரியில் திறக்கும், இளங்கலை செப்டம்பரில். சீன அரசு உதவித்தொகை வருடத் தொடக்கத்து மாதங்களிலேயே முடிந்துவிடும். மெக்ஸ்ட் ஏப்ரல், மே வாக்கில். தேதி வருடா வருடம் நகரும், அந்தந்தத் தூதரக அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளி முடிந்ததும் முதல் வரைவை எழுதிவிடுங்கள். பொங்கலுக்குள் அனுப்பினால் நிதானமாகப் படித்துத் திருத்துவேன். கடைசி நாள் ராத்திரி அனுப்பினால் எழுத்துப் பிழைதான் பார்க்க முடியும்.