அவிநாசி முதலை: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

கோபிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. வாழையும் மஞ்சளும் போடுகிறோம். மகள் ஏழாவது படிக்கிறாள். சித்திரைத் தேருக்குக் குடும்பத்தோடு அவிநாசி போயிருந்தோம். எங்கள் அப்பா பேத்தியைத் தாமரைக்குளம் வரை கூட்டிப்போய், முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதையைச் சொல்லியிருக்கிறார். திரும்பும்போது பஸ்ஸில் அவள் என்னிடம், "ஏப்பா, நெசமாலுமே முதலை பையனத் திருப்பிக் குடுத்துதா?" என்று கேட்டாள். "அது கதை கண்ணு, நடந்ததில்லை" என்றேன். முன்சீட்டில் இருந்த அப்பா காதில் விழுந்துவிட்டது. "நாலெழுத்துப் படிச்சுப்போட்டா நாயன்மாரெல்லாம் பொய்யாப் போயிருவாங்களா?" என்றார். அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். போன வருடம் பெரியப்பாவின் பேரன், ஒன்பது வயது, கீழ்பவானி வாய்க்காலில் குளிக்கப் போய் இறந்துவிட்டான். எழவு வீட்டில் சொந்தக்காரப் பெரியவர் ஒருவர், "மனசு உருகிக் கேட்டிருந்தா சாமி கைவிட்டிருக்குமா? அவிநாசியில கெடைக்கலியா?" என்றார். பையனின் அம்மா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே எனக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. கோயிலுக்குப் போகிறேன், கும்பிடுகிறேன். ஆனால் எந்தக் கதையையும் நம்ப முடியவில்லை. நான் போடுவது வேஷமா? மகளுக்கு என்னதான் சொல்வது? நண்பர் ஒருவர் வாட்ஸப்பில், "முதலை மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும், அதனால் அறிவியல்படி இது சாத்தியமே" என்று அனுப்பியிருக்கிறார். அதையும் நம்ப முடியவில்லை.

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

மகளுக்கு நீங்கள் சொன்னது சரியான பதில். அதை மாற்ற வேண்டாம். நடந்ததா என்று கேட்கிற பிள்ளைக்கு, நடக்கவில்லை என்று தெரிந்த தகப்பன் வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் அத்தோடு நிறுத்திவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. அதற்கு மேலும் அவளிடம் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் அந்த வாட்ஸப்பை முடித்துவிடுகிறேன். முதலை நம் பக்கத்துக்குப் புதியதல்ல. அமராவதி அணையிலும் பவானிசாகரிலும் இன்றைக்கும் இருக்கிறது. குளிக்க இறங்கிய பிள்ளையை முதலை பிடித்தது என்றால் அதில் நம்ப முடியாதது ஒன்றும் இல்லை. முதலை பல மாதம் பட்டினி கிடக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் அது முதலையின் பசியைப் பற்றிய செய்தி. உள்ளே போன உயிருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெரிய இரையை முதலை கடித்துத் திருகிப் பிய்த்துத்தான் தின்னும். அதன் வயிற்று அமிலம் எலும்பையே கரைக்கும். இப்படிப்பட்ட "அறிவியல் விளக்கங்கள்" மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. உங்கள் அப்பா, "சாமி நடத்தினார்" என்கிறார். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. உங்கள் நண்பர் பக்தியையும் விடாமல் பாடப் புத்தகத்தையும் விடாமல் இரண்டையும் கெடுக்கிறார்.

மகளுக்கு அறிவியல் வேண்டுமென்றால் பேரூருக்குக் கூட்டிப்போங்கள். பட்டீசுவரர் கோயிலைப் பற்றிச் சொல்லும் அதிசயங்களில் ஒன்று, பேரூரில் மாட்டுச் சாணத்தில் புழு வைக்காது என்பது. இறவாப் பனை, பிறவாப் புளி என்றும் சொல்வார்கள். பனை சாவதில்லை, புளியங்கொட்டை முளைப்பதில்லை என்று அர்த்தம். இவையெல்லாம் முதலைக் கதை மாதிரி என்றைக்கோ நடந்து முடிந்தவை இல்லை. இன்றைக்கும் இப்படித்தான் என்று சொல்லப்படுகிறவை. அப்படியென்றால் இன்றைக்கே பார்த்துவிடலாம். இத்தாலியில் ரெடி என்பவர் 1668-ல் செய்ததும் இதே போன்ற ஒன்றுதான். இறைச்சியை ஒரு பாத்திரத்தில் திறந்தும் இன்னொன்றில் மூடியும் வைத்து, ஈ உட்காராத இடத்தில் புழு வருவதில்லை என்று காட்டினார். ஏழாவது படிக்கிற பெண் இரண்டு டப்பா சாணத்தை வைத்துக்கொண்டு அதே வேலையைப் பேரூரில் செய்யலாம். யார் மனதும் புண்படாது. என்ன வருகிறது என்று அவளே எழுதி வைக்கட்டும். அப்புறம் அப்பாருவிடம் அவளே சொல்லிக்கொள்வாள்.

சரி, அவிநாசிக்கு வருகிறேன். சுந்தரர் பாடியது ஒன்று. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொன்னது ஒன்று. ஊரில் சொல்வது இன்னொன்று. மூன்றையும் நாம் ஒன்றாகக் கலந்து வைத்திருக்கிறோம். சுந்தரர் காலம் பொதுவாக 8ஆம் நூற்றாண்டு என்பார்கள். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டு. நடுவில் ஏறக்குறைய 400 வருடம்.

சுந்தரரின் பதிகத்தை எடுத்துப் பாருங்கள். "எற்றான் மறக்கேன்" என்று தொடங்கும் 10 பாட்டு. அதில் பிள்ளையைப் பற்றிய பேச்சு இரண்டு இடத்தில்தான் வருகிறது. இரண்டாம் பாட்டில், வழிப்போக்கர்களோடு வந்து சேர்ந்த ஒரு மாணி, அதாவது பிரம்மசாரிச் சிறுவன், புக்கொளியூர்க் குளத்தில் (அவிநாசியின் பழைய பெயர் அது) இறங்கிக் குளித்தவன், போய்விட்டானே, இது அழகா என்று சிவனைக் கேட்கிறார். நான்காம் பாட்டில், "கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே" என்கிறார். அவ்வளவுதான். பிள்ளையின் அப்பா அம்மா பாட்டில் இல்லை. இத்தனை வருடம் கழிந்தது என்ற கணக்கு இல்லை. பிள்ளை திரும்பி வந்தான் என்றுகூட பாட்டு சொல்லவில்லை. கேட்டதோடு நிற்கிறது. மீதியெல்லாம் பின்னால் வந்த கதை.

அதே பதிகத்தின் மூன்றாம் பாட்டைப் பார்த்தால் ஒரு விஷயம் கிடைக்கும். உன்னை நினைத்துக்கொண்டு போனால் "கொங்கே புகினும் கூறைகொண்டு ஆறலைப்பார் இலை" என்கிறார். கொங்கு நாட்டுக்குள் நுழைந்தாலும் துணியைப் பறித்து வழிப்பறி செய்கிறவர்கள் இல்லையாம். அவிநாசியிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் திருமுருகன்பூண்டி. அங்கே அதே சுந்தரர் பாடியது என்ன? வில்லோடு வரும் வடுக வேடுவர்கள் குத்தித் துணியைப் பறிக்கும் இடம் இது, இங்கே எதற்காக இருக்கிறீர் என்று சிவனையே கடிந்து கேட்கிறார். ஒரே ஆள், பக்கத்துப் பக்கத்து ஊர், நேர் எதிரான இரண்டு பேச்சு. எழுத்துக்கு எழுத்து உண்மை என்று எடுத்துக்கொண்டால் இதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? பயத்திலும் எரிச்சலிலும் வந்தது ஒன்று, நிம்மதியில் வந்தது ஒன்று. இரண்டுமே உண்மையான பாட்டு. சேக்கிழார் வரும்போது, பறித்தவர்கள் வேடர் வேஷத்தில் வந்த சிவபூதங்கள் என்று ஆகிவிட்டது. சுந்தரரிடமிருந்த பொன்னைப் பறித்ததும் சிவனே, திருப்பிக் கொடுத்ததும் சிவனே. பூண்டிக் கோயிலில் இன்றைக்கும் வேடுபறித் திருவிழா நடக்கிறது. கதை இப்படித்தான் வளர்கிறது. யாரோ பொய் சொல்ல உட்கார்ந்து எழுதியது இல்லை இது. தலைமுறைக்குத் தலைமுறை, தனக்குத் தாங்காததைத் தாங்குகிற மாதிரி மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது எழவு வீட்டில் அந்தப் பெரியவர் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத இடம் அதுதான். மனம் உருகிக் கேட்டால் கிடைக்கும், அவிநாசியில் கிடைத்ததே என்றாராம். அவர் பெரியபுராணத்தைப் படித்ததில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஏனென்றால் சேக்கிழார் கதையில் அந்தப் பெற்றோர் கேட்கவே இல்லை.

கதை இப்படிப் போகிறது. சுந்தரர் அந்தத் தெருவில் நடந்து வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மேளம். எதிர் வீட்டில் அழுகை. என்ன என்று விசாரிக்கிறார். ஒரே வயதுப் பையன்கள் இரண்டு பேர், ஐந்து வயதில் சேர்ந்து குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கியது. பிழைத்தவனுக்குத்தான் இன்று பூணூல். இருந்திருந்தால் நம் மகனுக்கும் இன்று நடந்திருக்குமே என்று எதிர் வீட்டில் அழுகிறார்கள். அந்த நேரத்தில் சுந்தரர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் பெற்றோர் இருவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மலர்ந்த முகத்தோடு வந்து கும்பிடுகிறார்கள். பிள்ளையை இழந்தவர் நீங்களா என்று அவர்தான் கேட்கிறார். அவர்கள் சொல்கிற பதில்: "முன்பு புகுந்து போனது அது." அது எப்போதோ நடந்து போனது, உங்களைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தோம், வந்துவிட்டீர்கள் என்கிறார்கள். பிள்ளையைக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

அதைக் கேட்ட சுந்தரர் செய்ததைக் கவனியுங்கள். தங்கள் துக்கத்தை மறந்து என்னைக் கண்டு மகிழ்கிறார்களே, அந்தப் பையனை முதலை வாயிலிருந்து அழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் அவிநாசியப்பனைக் கும்பிடுவேன் என்கிறார். கோயிலுக்குள் போகவில்லை. நேரே குளக்கரைக்குப் போகிறார். ஊரில் ஒரு வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்து அழுதுகொண்டிருக்கும்போது எனக்குச் சாமி தரிசனம் அப்புறம் என்று ஒரு நாயனார் சொன்னதாக சேக்கிழார் எழுதி வைத்திருக்கிறார். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அந்தக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையை இழந்த தாயைப் பார்த்து, உன் பக்தி பற்றவில்லை என்று சொல்ல ஒருவருக்கு எப்படி வாய் வந்தது?

கதையை நடந்த செய்தி என்று எடுத்துக்கொண்டால் வருகிற கேடு இதுதான். அங்கே கிடைத்தது என்றால் இங்கே ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி தானாக வரும். சாமி மேல் குற்றம் சொல்ல முடியாது. அப்போது குற்றம் யார் தலையில் விழும்? அழுதுகொண்டிருக்கிறவள் தலையில்தான் விழும். மகளிடம் நடக்கவில்லை என்று சொல்லுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். வாய்க்காலில் போன பையனுக்கு நீச்சலும், கரையில் ஒரு பெரிய ஆளும், ஒரு கயிறும் வேண்டியிருந்தது. திருச்செங்கோட்டில் அடியார்கள் குளிர்க்காய்ச்சலில் விழுந்தபோது சம்பந்தர் பாடியதாகச் சொல்லும் பதிகத்திலேயே, "உய்வினை நாடாது இருப்பதும் உந்தமக்கு ஊனம் அன்றே" என்று இருக்கிறது. பிழைக்கிற வழியைத் தேடாமல் இருப்பது குறைதானே என்கிறார். உங்கள் மகள் நீந்தக் கற்றுக்கொண்டாளா?

நம் ஊரில் இந்தக் கேள்விகள் புதிதும் இல்லை. ஈரோட்டில் 1925-ல் பெரியார் குடி அரசு ஆரம்பித்தார். அண்ணன் கருப்புச் சட்டை, தம்பி பழநிக்குக் காவடி என்று ஒரே திண்ணையில் இருந்த குடும்பங்கள் இந்தப் பக்கம் எத்தனையோ உண்டு. நடந்ததா என்பதோடு பெரியார் நிற்கவில்லை. இந்தக் கதையை நம்பினால் யார் மேலே, யார் கீழே என்றும் கேட்டார். உங்கள் மகளும் ஒருநாள் கேட்பாள்: பூணூல் கல்யாணம் அந்தத் தெருவுக்கு மட்டும்தானா, குடியானவன் பிள்ளையையோ வண்ணார் பிள்ளையையோ முதலை விழுங்கியிருந்தால் கதை வந்திருக்குமா என்று. கேட்கட்டும். அதற்கு என்னிடம் பதில் இல்லை, சேக்கிழாரிடமும் இல்லை. ஒரு பெண்ணைக்கூட இந்தக் கதை பேர் சொல்லிக் கூப்பிடவில்லை என்பதையும் அவளே கண்டுபிடிப்பாள்.

வேஷமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அண்ணன்மார் கதை உடுக்கை அடித்துப் பாடும்போது படுகளம் பார்த்திருப்பீர்கள். ஆட்கள் விழுந்து கிடப்பார்கள், வெள்ளைத் துணி போர்த்துவார்கள். விழுந்தவர் பக்கத்து வீட்டுக்காரர், எழுந்து வந்து ராத்திரி சாப்பிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் சுற்றி நிற்கிற பெண்கள் அழுவார்கள். அந்த அழுகையை யாரும் வேஷம் என்பதில்லை. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும்போது நீங்கள் கும்பிடுவது பங்காளிகளோடும் செத்துப்போனவர்களோடும் சேர்ந்து நிற்பதற்காக என்றால், அதற்காகக் கும்பிடுங்கள். கைகூப்பும்போது மனதில் பொய் தோன்றினால் அன்றைக்குச் சும்மா நில்லுங்கள். யாரும் கேட்கப்போவதில்லை.

அப்பா விஷயம் கொஞ்சம் பக்குவமாகச் செய்ய வேண்டியது. பஸ்ஸில், பேத்தி முன்னால், அவர் சொன்ன கதையை ஒரே வார்த்தையில் இல்லை என்று ஆக்கிவிட்டீர்கள். அவருக்கு வலித்தது முதலையைப் பற்றி இருக்காது. மன்னிப்பெல்லாம் கேட்டால் அவர் இன்னும் கூசிப்போவார். அந்தப் பதிகத்தைப் பாடச் சொல்லுங்கள். குளக்கரையில் நின்று கதை சொல்கிறவருக்கு நாலு பாட்டாவது வாயில் இருக்கும். பாடி முடித்ததும் பெரியபுராணத்தில் நான் மேலே சொன்ன இடத்தை அவரையே படிக்கச் சொல்லுங்கள், அந்தப் பெற்றோர் எதையும் கேட்கவில்லை என்ற இடத்தை. எழவு வீட்டில் நடந்ததை அவர் அறிவாரா? தெரியாது என்றால் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் இரண்டு பேருமாக அந்தப் பையனின் வீட்டுக்குப் போய்வாருங்கள். நீங்கள் போய்ச் சொன்னால், சாமி இல்லை என்கிறவன் ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று அந்த அம்மா நினைக்கலாம். உங்கள் அப்பா திருநீறு பூசிக்கொண்டு போய், "புஸ்தகத்துல அப்படி இல்ல சாமி, அவுங்க கேக்கவே இல்ல, உன்மேல ஒரு குத்தமும் இல்ல" என்று சொன்னால் அவர் நம்புவார்.