கறையைப் பார்த்துப் பொருளை வாங்குங்கள்: வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறை தென்படுகிறது. கறை எது, தரை எது, தண்ணீர் எது என்று எழுதாமல் "எதை வாங்கலாம்?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். ஆழ்குழாய்த் தண்ணீர் வீட்டுக்கும் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. இனி எழுதுபவர்கள் இந்த மூன்றையும் தவறாமல் குறிப்பிட வேண்டும்.

கேள்வி: ஆப்பச் சோடாவையும் வினிகரையும் கலந்து பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாயில் ஊற்றுகிறேன். நன்றாக நுரைக்கிறது, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. (தஞ்சாவூர்)

பதில்: போகாது. சோடாவின் காரமும் வினிகரின் அமிலமும் சேர்ந்தால் ஒன்றின் வேலையை மற்றொன்று அழித்துவிடும்; நுரையாகப் பொங்குவது கரியமில வாயு, எஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர். எண்ணெய்க்குக் காரம் மட்டும் போதும். இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடாவை ஒரு லிட்டர் சுடுநீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு ஊற்றுங்கள். குழாய் பி.வி.சி. என்றால் கொதிக்கும் நீர் வேண்டாம். அலுமினியப் பாத்திரத்தின்மேல் இந்தக் கரைசல் படக்கூடாது, கறுத்துவிடும்.

கேள்வி: போர் தண்ணீரால் குழாய்களிலும் வாளிகளிலும் வெள்ளை உப்பு படிகிறது. ஆசிட் இல்லாமல் நீக்க வழி உண்டா? (தாம்பரம்)

பதில்: உண்டு. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் சிட்ரிக் அமிலத்தைத் தருவார்கள். அரை லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். பழைய துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி, அரை மணி நேரம் கழித்துத் தேய்த்தால் படிவு பொடிப்பொடியாக உதிரும். தரை என்ன கல் என்று நீங்கள் எழுதவில்லை. கடப்பாக் கல், சலவைக் கல், மொசைக் ஆகியவற்றில் எந்த அமிலமும் படக்கூடாது. எலுமிச்சைச் சாறு பட்டால்கூட மெருகு போய்த் தடம் விழும், அந்தத் தடம் கழுவினாலும் போகாது. கிரானைட்டும் செராமிக் ஓடும் தாங்கும்.

கேள்வி: "கெமிக்கல் இல்லாதது, நூறு சதவீதம் இயற்கை" என்று போட்ட பாத்திரம் துலக்கும் திரவம் லிட்டர் 450 ரூபாய்க்கு வாங்குகிறேன். குடும்பத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் நல்லது என்று நம்பி வாங்கலாம்தானே? (கோயம்புத்தூர்)

பதில்: புட்டியின் முன்பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள், பின்பக்கத்தில் இருப்பதை ஒரு வரிகூட எழுதவில்லை. கெமிக்கல் இல்லாத பொருள் என்று உலகில் ஒன்றும் கிடையாது. தண்ணீரும் வேதிப்பொருள்தான், பூந்திக்கொட்டையின் நுரையும் வேதிப்பொருள்தான். "தேங்காயிலிருந்து எடுக்கப்பட்டது" என்ற வரியும் பல புட்டிகளில் இருக்கிறது. சாதாரணத் திரவங்களில் உள்ள சோடியம் லாரெத் சல்பேட் என்ற நுரைப்பொருளும் பெரும்பாலும் பனைக்கொட்டை எண்ணெயிலிருந்தோ தேங்காய் எண்ணெயிலிருந்தோதான் தொடங்குகிறது. ஆலையில் எத்திலீன் ஆக்சைடு என்ற வாயுவுடன் சேர்த்துத்தான் அது நுரைக்கும் பொருளாகிறது. ஆகவே அந்த வரி பொய்யில்லை என்றாலும், மூன்று மடங்கு விலை கொடுக்க அது காரணமாகாது. திரவம் கெட்டியாக இருந்தால் வீரியமும் அதிகம் என்று நினைப்பவர்களும் பலர். இவ்வகைத் திரவத்தில் சாதாரண உப்பைச் சேர்த்தாலே அது கெட்டியாகிவிடும்.

இதில் எனக்குள்ள ஆதங்கம் பணத்தைப் பற்றியது மட்டுமன்று. சுற்றுச்சூழலுக்கு உண்மையாகவே உழைத்துப் பொருள் செய்யும் சிறு தயாரிப்பாளர்களை "கெமிக்கல் இல்லாதது" போன்ற பொய் வாசகங்கள் சந்தையில் தோற்கடிக்கின்றன. 1991-இல் மண்பானைச் சின்னத்துடன் மத்திய அரசு கொண்டுவந்த, சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள்களுக்கு முத்திரை தரும் ஈகோமார்க் திட்டத்தில் சோப்பும் சலவைப் பொருள்களும் தொடக்கத்திலேயே இடம்பெற்றன. ஆனால் அந்த முத்திரையைக் கடைகளில் காண்பது இன்றும் அரிது. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, "பசுமை", "இயற்கைக்கு உகந்தது" போன்ற பொதுவான சொற்களைப் பயன்படுத்தும் நிறுவனம் அவற்றுக்கான ஆதாரத்தையும் விளக்கத்தையும் தர வேண்டும். ஆதாரம் கேட்டு எழுதுங்கள்; பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று. பாஸ்பேட் இருக்கக்கூடாது, ஏனெனில் ஏரியில் பாசியும் ஆகாயத்தாமரையும் அதை உண்டுதான் பெருகுகின்றன. சேர்மானப் பட்டியல் முழுமையாக அச்சிடப்பட்டிருக்க வேண்டும். விலையை லிட்டருக்குப் பார்க்காமல் மாதத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று கணக்கிட வேண்டும். இவற்றையெல்லாம்விட முக்கியமானது அளவு. 2019 டிசம்பரில் மழைக்குப் பின் சென்னைக் கடற்கரையில் குவிந்த நுரைக்குச் சுத்திகரிக்கப்படாத கழிவுநீரில் கலந்த சோப்பும் ஒரு காரணம். வழக்கமான சலவைப் பொருள்களில் உள்ள நுரைப்பொருள் காற்றுள்ள நீரில் சிதைந்துவிடும். காற்றில்லாத செப்டிக் தொட்டியிலும் தேங்கிய சாக்கடையிலும் எளிதில் சிதையாது. எனவே எதை வாங்கினாலும் இப்போது ஊற்றுவதில் பாதியை ஊற்றிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் பாத்திரம் அதே அளவுக்குத்தான் சுத்தமாகும்.

கேள்வி: சலவை இயந்திரத்தில் பூந்திக்கொட்டை போட்டால் சலவைத்தூளே வேண்டாமா? (மதுரை)

பதில்: எல்லாத் துணிக்கும் போதாது. பட்டு, கம்பளி, அன்றாடம் உடுத்தும் இலேசான துணி ஆகியவற்றுக்கு மிக நல்லது. பட்டு காரத்தைத் தாங்காது. பூந்திக்கொட்டைக் கரைசலில் காரம் இல்லை. எண்ணெய்க் கறை, பள்ளிக் குழந்தைகளின் சட்டைக் கழுத்து அழுக்கு ஆகியவற்றுக்கு அதன் வலு குறைவு, வெள்ளைத் துணி நாளடைவில் பழுப்பேறவும் கூடும். விதை நீக்கிய பத்துப் பன்னிரண்டு ஓடுகளை ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் வரும். வெளியே வைத்தால் சீக்கிரம் புளித்துவிடும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

கேள்வி: பழத்தோலை வெல்லத்தோடு புளிக்கவைத்துச் செய்யும் பயோ என்சைம் தயாரித்த கண்ணாடிப் புட்டி வெடித்துவிட்டது. எங்கே தவறு? (திருநெல்வேலி)

பதில்: கண்ணாடிப் புட்டியில்தான். வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு என்று பிளாஸ்டிக் புட்டியில் கால்வாசி இடம் விட்டு நிரப்பி, முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றுங்கள். மூன்று மாதத்தில் கிடைப்பது மிதமான அமிலக் கரைசல். செராமிக் தரை துடைக்கவும், கழிப்பறை ஓடுகளின் லேசான உப்புக் கறை போக்கவும் உதவும். அது கிருமிநாசினி இல்லை. வீட்டில் வயிற்றுப்போக்கு நோயாளி இருக்கும்போது அதை நம்பாதீர்கள்.

கேள்வி: கழிப்பறையில் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்துப் போட்டால் பளிச்சென்று ஆகிறது. ஆனால் மூச்சு முட்டுகிறது. (சேலம்)

பதில்: உடனே நிறுத்துங்கள். உங்களுக்கு மூச்சு முட்டச் செய்வது குளோரின் வாயு. மூடிய கழிப்பறையில் அது உயிரையே பறிக்கும். எதையும் எதனோடும் கலக்காதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், மறுபடியும் எழுதுகிறேன். இரவில் கோப்பைக்குள் எலுமிச்சை உப்பு நான்கு மேசைக்கரண்டி தூவி, காலையில் தேய்த்துக் கழுவுங்கள். பழைய சோடா புட்டியில் அளந்து ஊற்றித் தரும் ஆசிட்டை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். குழந்தைக்கு அது குடிதண்ணீராகத் தெரியும்.

கேள்வி: துணி துவைத்த தண்ணீரை வாழைக்கு விடலாமா? (நாமக்கல்)

பதில்: முதல் தண்ணீர் வேண்டாம். சலவைத்தூளிலும் வாஷிங் சோடாவிலும் உள்ள சோடியம் களிமண்ணை இறுக்கி நீர் இறங்காமல் செய்துவிடும். அலசிய இரண்டாம், மூன்றாம் தண்ணீரை, நல்ல தண்ணீரோடு மாற்றி மாற்றி விடலாம்.

கேள்வி: பித்தளைக் குத்துவிளக்குக்கு எந்தப் பொடி வாங்கலாம்? (கும்பகோணம்)

பதில்: எதையும் வாங்க வேண்டாம். குழம்புக்குக் கரைத்த புளிச் சக்கையே போதும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊறவிடாதீர்கள், செம்பு நிறம் ஏறிவிடும். உடனே கழுவி, துணியால் ஈரமின்றித் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: பாத்திரம் தேய்க்க ஸ்பாஞ்சுக்குப் பதிலாக எது? (விழுப்புரம்)

பதில்: முற்றிய பீர்க்கங்காய்க் கூடு அல்லது தேங்காய் நார். ஒட்டாத பூச்சுள்ள தவாவில் மட்டும் தேங்காய் நாரைப் பயன்படுத்தாதீர்கள்.