இரவில் மரத்துப்போகும் கை: ஓர் இயன்முறை மருத்துவரின் பதில்கள்

கேள்வி (ஆம்பூர், காலணித் தொழிற்சாலையில் தையல் வேலை செய்பவர்): ஆறு மாதமாக வலது கை இரவில் மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது. உதறினால் சரியாகிறது. இது ரத்தக்குறைவா?

பதில்: ரத்தக்குறைவு என்று நீங்களே முடிவுசெய்து, சத்து மாத்திரையோடு நாளைக் கடத்திவிடாதீர்கள், அம்மா. மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகளும் தடித்த நாரும் சூழ்ந்த குறுகிய வழி ஒன்று உண்டு; விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், சுண்டுவிரல் தவிர்த்த விரல்களுக்கு உணர்வு தரும் மீடியன் நரம்பும் அதன் வழியாகவே செல்கின்றன. மணிக்கட்டை வளைத்து வைத்துக்கொண்டே நாள் முழுவதும் தோலைப் பிடித்துத் தள்ளிக்கொடுத்தால், அங்கே அழுத்தம் கூடி நரம்பு நெரிபடும். கட்டைவிரல் முதல் மோதிர விரலின் பாதிவரை மரத்து, சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருந்தால், பெரும்பாலும் காரணம் இதுவே.

தைக்கும்போது மணிக்கட்டு முன்கையோடு நேர்கோட்டில் இருக்கிறதா என்று பக்கத்து மெஷின்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். முழங்கை மேசை மட்டத்திற்குக் கீழே இருந்தால் ஸ்டூலை உயர்த்த வேண்டும். அப்போது மிதி எட்டாமல் போனால் அதையும் மாற்றித் தரும்படி மெக்கானிக்கிடம் தயங்காமல் கேளுங்கள். இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை நல்ல பலன் தரும். கையிலிருந்து பொருள் நழுவினாலோ, கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்தாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நீரிழிவும் தைராய்டு குறைபாடும் இந்த நரம்பு நெரிபட வாய்ப்பைக் கூட்டுவதால், அவற்றிற்கான பரிசோதனையும் தேவை.

கேள்வி (குடியாத்தம், பீடி சுற்றுபவர்): கட்டைவிரலின் அடிப்பக்கம், மணிக்கட்டோரம் வலி. முறத்தைத் தூக்கவே முடியவில்லை.

பதில்: கட்டைவிரலை இயக்கும் இரண்டு தசைநாண்கள் தம் உறைக்குள் உரசுவதால் வரும் வலியாக இது இருக்கலாம், சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி கெர்வைன் 1895இல் விவரித்த நோய் இது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி எண்ணும் வேலையில் இருப்பவரிடம், ஒரு வாரம் கையை அசைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆகவே, இலை முழுவதையும் ஒரே மூச்சில் வெட்டாமல், சிறிது வெட்டி, சிறிது சுற்றி, வேலையை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கத்தரிக்கோல் மழுங்காமலும் இலை நன்றாகப் பதமாகவும் இருந்தால் விரலுக்கு வேண்டிய அழுத்தம் குறையும். வலி தணியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (காட்பாடி, வீட்டிலிருந்து மென்பொருள் வேலை): மடிக்கணினியால் கழுத்தும் கையும் ஒருசேர வலிக்கின்றன.

பதில்: திரையும் விசைகளும் ஒட்டியிருப்பதால், ஒன்றைச் சரியான உயரத்தில் வைத்தால் மற்றொன்று தவறிவிடும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் நிற்கும்படி புத்தகங்களின் மேல் வைத்து, தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (ராணிப்பேட்டை, மேற்பார்வையாளர்): அடிக்கடி இடைவேளை விட்டால் உற்பத்தி குறையாதா?

பதில்: நான் கேட்பது நீண்ட இடைவேளை அன்று, ஐயா. அரைமணிக்கு ஒருமுறை, அரை நிமிடம் கையைத் தொங்கவிட்டு விரல்களை விரித்து மடக்கினால், இறுகிய தசைக்கு ரத்த ஓட்டம் திரும்பும். அந்த அரை நிமிடத்தை மறுத்துவிட்டு, பழகிய தையல்காரர் கை வீங்கி விடுப்பில் போன பிறகு புதியவருக்குத் தொழில் கற்றுத்தர எத்தனை நாளாகிறது என்பதை உங்கள் வருகைப் பதிவேட்டிலேயே எண்ணிப் பாருங்கள்.